வாடை தள்ள, கொண்டல் இழுக்க: மணப்பாட்டிலிருந்து உவரி வரை

முதல் நாள்: மணப்பாடு

திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர் போகும் ரயிலில் சன்னலோரம் இடம் கிடைத்துவிட்டால் அதுவே பாதிப் பயணம். செய்துங்கநல்லூர், ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரி, நாசரேத் என்று வாழையும் நெல்லுமாகத் தாமிரபரணி கூடவே வருகிறது. ஆறுமுகநேரி வந்ததும் உப்பளம். காற்றில் ஈரம் கூடிச் சட்டைக் காலர் பிசுபிசுக்கத் தொடங்கினால் கடல் பக்கத்தில் வந்துவிட்டது என்று பொருள்.

திருச்செந்தூரில் இறங்கிக் கோயிலுக்குப் போகாமல் நேரே பஸ் நிலையத்துக்கு நடந்தேன். அம்மாவுக்குத் தெரிந்தால் திட்டு விழும். நாளைக்குக் கடலிலிருந்தே கும்பிட்டுக்கொள்கிறேன் என்று முருகனிடம் மட்டும் சொல்லிவைத்தேன். ஆலந்தலை, கல்லாமொழி, குலசேகரன்பட்டினம் தாண்டி மணப்பாட்டில் இறங்கும்போது உச்சிவெயில்.

வடகிழக்கிலிருந்து தென்மேற்காக ஓடும் கரையில் இந்த ஊரில் மட்டும் ஒரு மணற்குன்று கடலுக்குள் துருத்திக்கொண்டு நிற்கிறது. குன்றுக்கு வடக்கே அலை அடங்கிய வளைவு. கருமேனியாறு கடலைச் சேர்வதும் இங்கேதான். ஆற்றில் தண்ணீர் வருவது மழைக்காலத்தில் மட்டும். மற்ற மாதங்களில் கடல்தான் உள்ளே வந்து கழியாகத் தேங்கிக் கிடக்கிறது. குன்றின் மேலே திருச்சிலுவை ஆலயம், கலங்கரை விளக்கம். அடிவாரத்தில், கடலைப் பார்த்த குகையில், பிரான்சிஸ் சவேரியார் 1542இல் இக்கரைக்கு வந்தபோது தங்கியிருந்தார் என்பார்கள். அலை எட்டும் தூரத்தில் இருக்கும் அந்தக் குகைக்குள் ஒரு கிணறு. தண்ணீர் உப்புக் கரிக்கவில்லை, குடித்துப் பார்த்தேன்.

ஆலயம் கட்டப்பட்ட ஆண்டு 1581. அதற்கு முன்பே அங்கே சிலுவை நட்டிருந்தது. புயலில் சிக்கிய போர்த்துக்கீசியக் கப்பல் ஒன்றின் பாய்மரம் முறிந்துபோக, உயிரோடு கரை சேர்ந்தால் அந்த மரத்திலேயே சிலுவை செய்து நடுவதாகக் கப்பல் தலைவன் நேர்ந்துகொண்டான். கரை சேர்ந்த இடம் இந்தக் குன்று. ஊரில் யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள். நாளைக்குப் பாய்மரத்தை நம்பிக் கடலில் இறங்கப் போகிறவனிடம் முறிந்த பாய்மரத்தின் கதையை இவ்வளவு உற்சாகமாகச் சொல்ல வேண்டுமா என்று தோன்றியது.

பாளையங்கோட்டையில் என்னோடு படித்த நண்பனுக்குச் சொந்த ஊர் இது. அவனுடைய பெரியப்பாவை நானும் பெரியப்பா என்றே கூப்பிடுவது. அவருடையது ஃபைபரில் செய்த சிறிய வள்ளம். பின்பக்கம் எஞ்சின் உண்டு. ஆனால் மூங்கில் மரமும் பாயும் எடுத்து வைத்திருப்பவர் இந்தக் கரையில் அவரைப் போல வேறு சிலர்தான். “எண்ணெய் தீர்ந்துபோகும் தம்பி, காற்று தீர்ந்துபோகுமா?” என்றார். காற்று ஓய்வதும் உண்டே என்று நான் சொன்னதற்கு, “ஓய்ந்தால் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். உனக்கு என்ன, அலுவலகத்தில் உட்கார்ந்து பழக்கம்தானே” என்றார்.

மாசி மாதத்துக் கணக்கைச் சாயங்காலம் மணலில் விரலால் கோடு போட்டுக் காட்டினார். விடியலில் நிலம் குளிர்ந்து கிடக்கும். கடல் அவ்வளவு சீக்கிரம் குளிராது. அதனால் காற்று கரையிலிருந்து கடலுக்குப் போகும். வெயில் ஏற ஏற நிலம் சூடாகி அது செத்துவிடும். நடுவில் கொஞ்ச நேரம் ஒன்றுமே இருக்காது. பிறகு கடலிலிருந்து கொண்டல் எழும்பும். ஐப்பசி முதல் தை வரை மூர்க்கமாக அடித்த வாடையில் மிச்சம் இருப்பதும் அதனோடு சேர்ந்துகொண்டு, தென்மேற்கே போகிறவனைப் பின்னாலிருந்து தள்ளும். “உவரிக்குப் போக எஞ்சின் எதற்கு?” என்று முடித்தார். நேராக அளந்தால் சுமார் இருபது கிலோமீட்டர்.

இது காசு கொடுத்து ஏறும் சவாரி அன்று. உறவுக்காரனாக ஏற்றிக்கொண்டார், அவ்வளவுதான். வாசிப்பவர்கள் மணப்பாட்டுக்குப் போய் வலை காயப்போடும் மனிதர்களைப் படகு கேட்டுத் தொந்தரவு செய்ய வேண்டாம்.

இரண்டாம் நாள்: கடலில்

நான்கு மணிக்கே எழுப்பிவிட்டார்கள். பெரியம்மா கட்டிக் கொடுத்த இட்லிப் பொட்டலம், மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் பூசி வாழையிலையில் சுற்றியது, சூடு ஆறாமல் மடியில் இருந்தது. உயிர்காப்புச் சட்டையை நண்பன் என் கழுத்தில் மாட்டி வாரை இறுக்கினான். பெரியப்பாவும் போட்டுக்கொண்டார், முகத்தைச் சுளித்துக்கொண்டே. மேலே பட்டன் போடாத சட்டை, கீழே மடித்துக் கட்டிய சாரம்.

வடக்குப் பக்கத்து வளைவில் அலை இல்லாததால் வள்ளத்தைத் தள்ளி இறக்குவது சுலபம். முழங்கால் ஆழம் வந்ததும் ஏறி உட்கார்ந்துவிட்டோம். பெரியப்பா மரத்தை நிறுத்திக் கயிற்றை இழுத்தார். பாயைக் கட்டிய நீளக் கம்பான பருமலோடு சேர்ந்து பாய் மேலே போயிற்று. முக்கோணப் பாய், பழைய காடாத்துணி, அங்கங்கே ஒட்டுப் போட்டது, கீழ் மூலையில் ஒரு கிழிசல் இன்னும் தைக்கப்படாமல். ஏறிய பாய் உப்பவில்லை. துவண்டு தொங்கியது. அவர் பனையோலைப் பட்டையை எடுத்துக் கடல் நீரை மொண்டு பாயின் மேல் வீசினார். மேலே, நடுவே, ஓரத்தில் என்று விடாமல் வீசினார். துணி நனைந்து நிறம் கறுத்தது. இழை நீரில் ஊறிப் பருத்துக் கண்கள் அடைபட்டதும் காற்று ஊடே புகுந்து ஓட முடியவில்லை. அதுவரை இருந்த அதே காற்றுதான். பாய் மட்டும் பட்டென்று வயிறு தள்ளி நின்றது. வள்ளம் அசைந்தது. வள்ளத்தின் முன்முனையான அணியத்தின் கீழே தண்ணீர் சளசளக்கத் தொடங்கியது. எஞ்சின் படகில் இதைக் கேட்கவே முடியாது.

முதலில் கிழக்கே, கடலுக்குள் போனோம். முனைக்கு வெளியே நீருக்குள் பாறைகள் கிடப்பதால் கரையை ஒட்டித் திரும்ப முடியாது. எவ்வளவு தூரம் போக வேண்டும் என்பதைப் பெரியப்பா கரையைப் பார்த்து முடிவு செய்கிறார்: ஊருக்குள் ஒரு கோபுரமும் அதற்குப் பின்னால் ஒரு பனங்கூட்டமும் ஒரே கோட்டுக்கு வரும்வரை கிழக்கே, வந்த பிறகு தெற்கே. செல்பேசியில் வரைபடத்தைத் திறந்து நான் சரிபார்த்தேன். அவர் அதைக் கண்டுகொள்ளவில்லை.

வடக்கே விடியல் வெளிச்சத்தில் திருச்செந்தூர் ராஜகோபுரம் சின்னதாக, ஆனால் சந்தேகமில்லாமல் தெரிந்தது. சொன்னபடி கும்பிட்டேன். அந்தக் கோயிலின் சண்முகர் திருமேனியை டச்சுக்காரர்கள் கப்பலில் தூக்கிக்கொண்டு போனதும், புயலுக்குப் பயந்து கடலில் போட்டதும், எலுமிச்சம்பழம் மிதந்து கருடன் வட்டமிட்ட இடத்தில் வடமலையப்ப பிள்ளை மூழ்கித் தேட வைத்து 1653இல் மீட்டதும் இந்தச் சீமையில் பிறந்தவர்களுக்குத் தெரிந்த கதை. கோயிலின் சன்னதித் தெருவில் நின்று எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். இந்த நீரின் மேல் உட்கார்ந்திருக்கும்போது அது வேறு மாதிரி இருந்தது. எலுமிச்சம்பழம் எவ்வளவு சின்னப் பொருள் என்பது இங்கே வந்தால்தான் உறைக்கும்.

முனையைச் சுற்றித் தென்மேற்கே திரும்பியதும் காற்று வலப்பக்கத்திலிருந்து வந்தது. வள்ளம் கடல் பக்கம் சாய, நானும் நண்பனும் கரைப்பக்கக் கட்டையில் ஏறி உட்கார்ந்தோம். பாய் கடல் பக்கமாகச் சரிந்து நின்றதால் கரை முழுவதும் மறைப்பில்லாமல் திறந்து கிடந்தது.

அப்போதுதான் மணப்பாட்டுக் குன்றை முழுதாகப் பார்த்தேன். நேற்று பஸ்ஸிலிருந்து இறங்கி, கடைத்தெரு கடந்து, வீடுகளுக்கு நடுவே நடந்து, மூச்சு வாங்க ஏறிப் பார்த்த ஆலயம் அது. சாலையில் வருகிறவனுக்கு இந்தக் கரையூர்கள் முதுகைத்தான் காட்டுகின்றன. முகம் கடல் பக்கம் இருக்கிறது. குன்றின் உச்சியில் நிற்கும் கட்டடம் இரண்டு மணி நேரம் எங்களோடு வந்தது; எவ்வளவு சின்னதாகச் சுருங்கினாலும் கண்ணை விட்டு அகலவில்லை. அப்படித் தெரிய வேண்டும் என்றே அங்கே கட்டியிருக்கிறார்கள் என்று தோன்றுகிறது. “கோயில் தண்ணீரில் மூழ்கினால் நீ தூரம் போய்விட்டாய் என்று அர்த்தம்” என்றார் பெரியப்பா. எவ்வளவு தூரம் என்றால், எந்தக் கோயில் எவ்வளவு மூழ்கியது என்று எதிர்க்கேள்வி வரும்.

கரையில் தென்னையும் பனையும் குறைந்து, உடைமரக்காடும் அதற்குப் பின்னால் செம்மண் மேடான தேரியும் வந்தன. இந்த மாதவன்குறிச்சி, படுக்கப்பத்து பக்கத்து நிலங்களில்தான் இஸ்ரோவின் குலசேகரன்பட்டினம் ஏவுதளத்துக்கு இடம் எடுத்திருக்கிறார்கள். 2024 பிப்ரவரி 28 அன்று அடிக்கல் நாட்டினார்கள். ஏன் இங்கே என்பதற்குக் கடலில் இருந்தால் விளக்கமே வேண்டாம். இங்கிருந்து தெற்கே பார்த்தால் வெறும் தண்ணீர். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து தென்திசையில் விடும் ராக்கெட், இலங்கைக்கு மேலே பறக்கக் கூடாது என்பதற்காக வளைந்து போக வேண்டும். அதில் எரிபொருள் வீணாகும். சின்ன ராக்கெட்டுக்கு அது பெரிய நட்டம். இங்கிருந்து நேரே தெற்கே விடலாம். நண்பன் இதை ஆர்வமாகச் சொன்னான். ராக்கெட் விடும் நாளில் கடலுக்குப் போக விடுவார்களா என்பதுதான் பெரியப்பாவின் கேள்வி. இரண்டு பேருக்கும் நடுவே நான் வாயைத் திறக்கவில்லை.

வேகமா? மாட்டுவண்டி வேகம்தான். அதுவும் பேசிக்கொண்டே ஓட்டும் வண்டிக்காரரின் வண்டி.

ஒன்பதரை வாக்கில் காற்று நின்றது. யாரோ கதவைச் சாத்தியதுபோல என்று எழுதத் தோன்றுகிறது, ஆனால் அப்படி நிற்கவில்லை. முதலில் பாயின் ஓரம் படபடத்தது. பிறகு நடு வயிறு உள்ளே போயிற்று. பாயை இழுத்துப் பிடிக்கும் தாமான் கயிறு தொய்ந்து நீரில் விழுந்தது. கடைசியில் பாய் மரத்தில் ஒட்டிக்கொண்டது. கடல் எண்ணெய் ஊற்றியதாக மினுங்கியது. சூரியன் நேரே தலையில் உட்கார்ந்தான். இட்லிப் பொட்டலத்தைப் பிரித்தோம். மிளகாய்ப்பொடி காரத்துக்குத் தண்ணீர் குடித்துக் குடித்துக் கேனில் பாதி காலி.

படகு நிற்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கரையில் ஒரு பனையைக் குறித்து வைத்துப் பார்க்கச் சொன்னார் பெரியப்பா. கொஞ்ச நேரத்தில் அந்தப் பனை பின்னால் போயிருந்தது. நீவாடு, அதாவது கடல் நீரோட்டம், தெற்கே இழுக்கிறது. வலை போடுகிறவனுக்குக் காற்றைவிட அதுதான் முக்கியம், வலையைத் தூக்கிக்கொண்டு போவது அது. இட்லி தின்றுகொண்டே உவரியை நோக்கிப் போய்க்கொண்டிருந்தோம் என்பதில் எனக்கு அலாதித் திருப்தி. சொறி என்கிற ஜெல்லிமீன் ஒன்று, வெளிர்நீல விளிம்போடு, சுருங்கி விரிந்து எங்களோடு வந்தது. தொட வேண்டாம் என்றார். அரிப்பு இரண்டு நாளைக்கு விடாது. பிறகு விலங்கே, ஆழத்தின் பக்கம், முதுகுகள் தெரிந்தன. ஓங்கல், அதாவது டால்பின். நான் எழுந்து நின்றதில் வள்ளம் ஆடியது. “உட்கார்ந்து பார், அது எங்கேயும் போகாது” என்றார். ஆனால் போய்விட்டது.

பெரியதாழைக்கு முன்பே எண்ணெய் போட வேண்டியதாயிற்று என்று எழுதினால் உங்களுக்குச் சந்தோஷமாக இருக்கும். இல்லை, துடுப்புப் போட்டோம். கடைசி அரை கிலோமீட்டர் நண்பனும் நானும் மாறி மாறி. உள்ளங்கை சிவந்துவிட்டது.

பெரியதாழையில் கடலுக்குள் கற்களைக் கொட்டித் தூண்டில் வளைவு அமைத்திருக்கிறார்கள். கடல் கரையை அரிக்கும் ஊர்களிலெல்லாம் மீனவர்கள் இதைக் கேட்டுப் போராடுகிறார்கள். கரையோரம் ஓடும் மணலைக் கற்சுவர் ஒரு பக்கம் தடுத்துச் சேர்க்கிறது. படகு நிறுத்த இடம் கிடைக்கிறது. மறுபக்கத்துக்கு வர வேண்டிய மணல் வராமல் போவதால் அங்கே அரிப்பு தொடங்குகிறது. அடுத்த ஊர்க்காரர் தமக்கும் ஒன்று கேட்கிறார். இப்படியே போனால் கன்னியாகுமரி வரை கல்தான் போட வேண்டும் என்று நண்பன் சொன்னான். வீடு கடலுக்குள் போகிறவனிடம் போய் இதைச் சொல்ல முடியுமா என்பது பெரியப்பாவின் பதில். எனக்கு இரண்டும் சரி என்று பட்டது.

சுவரின் மறைவில் வள்ளத்தை விட்டுவிட்டு ஊருக்குள் போய் டீ குடித்தோம். சாலையோரம் ஒருவர் சைக்கிளில் பதநீர் வைத்திருந்தார். பருவம் இப்போதுதான் தொடங்குகிறது. பனையோலைப் பட்டையை மடித்துப் பிடித்துக்கொள்ள, குடத்திலிருந்து ஊற்றினார். சுண்ணாம்பு கொஞ்சம் தூக்கல், ஆனாலும் குளிர்ச்சி. இரண்டாவது பட்டைக்குப் பெரியப்பா காசு கொடுக்க விடவில்லை.

திரும்பி வந்தபோது கடலில் சின்னச் சின்ன மடிப்புகள் எழுந்திருந்தன. பதினோரு மணியைத் தாண்டிக் கொண்டல் வந்துவிட்டது. இப்போது காற்று இடப்பக்கம் பின்னாலிருந்து. அதற்காகப் பருமலை மரத்தின் மறுபக்கம் கொண்டுபோக வேண்டும். பாயைப் பாதி இறக்கி, பருமலின் அடியை மரத்துக்கு முன்னால் சுற்றித் தூக்கி மாற்றி, மறுபடி ஏற்றுவது. மூன்று பேரும் ஒருவர் காலை ஒருவர் மிதித்துச் செய்து முடித்தோம். தனியாகப் போகும்போது எப்படிச் செய்வீர்கள் என்று கேட்டேன். “இதைவிடச் சீக்கிரமாக” என்றார்.

பாய் கரைப்பக்கம் விரிந்ததால் காலையில் பார்த்த கரை மொத்தமும் மறைந்துபோயிற்று. பாயின் அடி ஓரத்துக்கும் நீருக்கும் நடுவே ஒரு முழ இடைவெளி. குனிந்து அதன் வழியே பார்த்தால் மணல், ஒரு கோபுரத்தின் கால், படகுகளின் வரிசை. கூடுதாழை, கூட்டப்பனை எல்லாம் இப்படித் துண்டு துண்டாகத்தான் கடந்து போயின. பெரியதாழையோடு தூத்துக்குடி மாவட்டம் முடிகிறது. 1986 வரை இதெல்லாம் ஒரே திருநெல்வேலி மாவட்டம். கடலில் எல்லைப் பலகை ஏதும் இல்லை.

சுக்கானை என்னிடம் கொடுத்தார். காற்று பின்னால் இருக்கும்போது படகைப் பிடிப்பது சுலபம் என்று நினைப்போம். ஒவ்வொரு அலையும் பின்புறத்தைத் தூக்கி ஒரு பக்கமாகத் தள்ளும். அது தள்ளிய பிறகு திருப்பினால் காலம் கடந்துவிட்டது, தள்ளப் போகிறது என்று தெரியும்போதே திருப்ப வேண்டும். “முன்னால் மலையைப் பார், தண்ணீரைப் பார்க்காதே” என்றார். மேற்கே, நீலப் புகையாக, மேற்குத் தொடர்ச்சி மலை தெற்கே தாழ்ந்து முடியும் இடம். அதில் உயர்ந்து நிற்பது மகேந்திரகிரி, 1600 மீட்டருக்கும் மேல். அதன் இடத்தோள் அணியத்துக்கு நேரே இருக்குமாறு பிடித்துக்கொண்டேன். அரை மணியில் தோள் பழகிவிட்டது. ஒரு மணியில் பேச்சு வந்தது. கயிற்றின் நுனியில் விட்டிருந்த தூண்டிலில் சீலா ஒன்று மாட்டியபோதுகூடச் சுக்கானை விடவில்லை; நண்பன் இழுத்துப் போட்டான். முழங்கை நீளம், பல் தெரிய.

உவரி மூன்றரை மணிக்குத் தெரிந்தது. தூரத்தில் ராதாபுரம் பக்கத்துக் காற்றாலைகள். எங்களைத் தள்ளிய அதே காற்றில் அவை சுற்றிக்கொண்டிருந்தன, சில சும்மா நின்றன. பாயை இறக்கிய பிறகு எஞ்சினைத் தண்ணீருக்குள் விட்டார். கரையில் மடங்கி உடையும் அலையில் பாயோடு இறங்குவது வித்தை காட்டுவதற்குத்தான், தேவைக்கு அன்று என்றார். பின்னால் திரும்பிப் பார்த்துக்கொண்டே காத்திருந்தார். பெரிய அலைகள் போக விட்டு, ஓர் இளைத்த அலையின் முதுகில் ஏறி நேரே மணலுக்கு விட்டார்.

சீலாவை இரண்டாக வெட்டி, பாதியை எங்களுக்குத் தங்க இடம் கொடுத்த வீட்டில் கொடுத்துவிட்டு, டீ குடித்த கையோடு கிளம்பினார். வாடைக்கு எதிராக என்பதால் திரும்பும் வழி முழுக்க எஞ்சின்தான். ஏழு மணிக்கெல்லாம் வீட்டில் இருப்பதாகப் போன் வந்தது. நாங்கள் ஒரு பகலெல்லாம் வந்த தூரம்.

மூன்றாம் நாள்: உவரி

இந்த ஊரும் கடலுக்குத்தான் முகம் காட்டுகிறது. கப்பல் மாதா ஆலயம் பெயருக்கேற்றபடி கப்பல் வடிவத்தில், பக்கத்தில் ஒரு விமானமும் சேர்த்துக் கட்டியது. ரசனை பற்றிச் சண்டை போடலாம். கடலிலிருந்து வருகிறவன் கண்ணுக்கு அது தப்பாது என்பதில் சண்டை இல்லை. அந்தோணியார் திருத்தலத்துக்கும் ஒரு கப்பல் கதை உண்டு: காலரா கண்ட போர்த்துக்கீசியக் கப்பலில் தச்சன் ஒருவன் செதுக்கிய அந்தோணியார் சுரூபம், நோய் நீங்கியபின் இந்தக் கரையில் இறக்கப்பட்டது என்கிறார்கள். செவ்வாய்க்கிழமைகளில் எல்லாச் சாதி மதத்தாரும் வந்து குவிகிறார்கள்.

சுயம்புலிங்க சுவாமி கோயிலில் காலையிலேயே கூட்டம். ஒரு குடும்பம், தாத்தா முதல் மொட்டை போட்ட குழந்தை வரை, கடலுக்குள் இறங்கி ஓலைப்பெட்டியில் ஈரமணலை அள்ளித் தலையில் சுமந்து வந்து கரையில் கொட்டிக்கொண்டிருந்தது. வேண்டுதலுக்கேற்ற எண்ணிக்கையில் பெட்டி. பெட்டியின் ஓலை இடுக்கில் நீர் வடிந்து ஒவ்வொருவர் முதுகும் நனைந்திருந்தது. தாத்தா எண்ணிக்கையைத் தவறவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார், பாட்டி ஒப்புக்கொள்ளவில்லை. தூண்டில் வளைவுக்குக் கோடிக்கணக்கில் செலவாகும் கரையில் இவர்கள் பெட்டி பெட்டியாகக் கடலிடமிருந்து மணலைத் திருப்பிக் கொண்டுவருகிறார்கள் என்றான் நண்பன். அவனுக்கு எல்லாவற்றிலும் அரசியல்.

திசையன்விளை போய், அங்கிருந்து நாங்குநேரி வழியாகத் திருநெல்வேலி பஸ். கூட்டம், கடைசி இருக்கை. நாங்குநேரி தாண்டும்போது பெரியப்பாவுக்குப் போன் செய்தேன். ஆடி மாதம் தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கும்போது உவரியிலிருந்து மணப்பாட்டுக்குப் பாயிலேயே திரும்பலாமே என்று நேற்றிரவு ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தேன். முழுதாகச் சொல்லி முடிக்க விடவில்லை.

“ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும். உன்னை ஏற்றினால் உன் அம்மாவுக்கு யார் பதில் சொல்வது? பங்குனி பாதிக்குள் வந்தால் வா. வரும்போது டவுனில் நல்ல தடித்த நூல் ரெண்டு உருண்டை வாங்கிக்கொண்டு வா, பாயின் கீழ் மூலை இன்னும் கிழிந்துவிட்டது.”